இலண்டனுக்கு முப்பது ஆண்டு

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமெனக் குழுவினர் கேட்டனர். கழகத்தின் வரலாற்றையே எழுதலாமென்று முதலில் எண்ணினோம். ஆயின் அதனை நம்மினும் நன்கறிந்தோர் இம்மலரில் எழுதுகின்றனர். ஆதலின் நாம் வேறொன்றை எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு வழி பார்த்திருக்கும் பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "படித்தும் ஆயிற்று, மனுவும் கொடுத்தாயிற்று, இன்னும் எத்தனை காலம்?" என்பதே அது. இக்கேள்விக்கு நாம் உடனே சொல்லக்கூடிய விடை எதுவுமில்லை. ஆனால் இதே கேள்வியைத் தம் வாழ்நாளெல்லாம் சுமந்த ஒரு பெரியவரின் கதையைச் சொல்ல முடியும்.

அவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். நம் மக்களின் குறைகளை ஆங்கில நாட்டாரிடம் நேரில் எடுத்துரைக்க வேண்டுமென்று 1900ஆம் ஆண்டில் அவர் கப்பலேறினார். அக்குறைகளை அவர் இலண்டன் மாநகரில் எடுத்துரைத்தது 1930ஆம் ஆண்டில். இடையில் கழிந்தவை முப்பது ஆண்டுகள்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860ஆம் ஆண்டளவில் பிறந்தவர் சீனிவாசனார். பிழைப்பு நாடி இடம் பெயர்ந்த குடும்பம். கோயம்புத்தூரில் அவர் படித்தார். அக்காலத்தைப் பற்றி அவரே பிற்காலத்தில் எழுதியுள்ள செய்தி நம் நெஞ்சை விட்டு அகலாதது. கலாசாலையில் ஏறத்தாழ நானூறு மாணவர். பத்துப் பேர் நீங்கலாக எஞ்சியோர் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். தம் குலம் இன்னதென்று அறிந்தால் என்ன செய்வார்களோ என்னும் அச்சத்தால் அவர் எவரோடும் கூடி விளையாடவில்லை. பள்ளிக்கு வெளியே தனியே ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார்; மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் பிள்ளைகள் தம்மைப் பின்தொடர்ந்து வந்து வீட்டைக் கண்டுகொள்ளாதவாறு விரைந்து நடந்து போய்விடுவார்.

இளமையில் அவர் அஞ்சா நெஞ்சர் என்று எழுதிவிடுவது எளிது. மலர்களில் பெரியோரைப் பற்றி எழுதுவோர் அவ்வாறே எழுதுவர். அவரோ தாம் அஞ்சியதாகவே எழுதி வைத்திருக்கிறார். ஓடி விளையாட வேண்டிய வயதில் மணியோசைக்காக ஓரத்தில் காத்திருந்த அச்சிறுவனைத்தான் நம் மாணவர் இல்லத்துப் பிள்ளைகள் முதலில் அறிந்துகொள்ள வேண்டுமென்று விரும்புகிறோம். திவான் பகதூர் என்னும் பட்டம் பின்னர் வந்தது.

படிப்பு முடிந்தபின் நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பத்தாண்டுகள் அளவில் பணியாற்றினார். பண்டிதர் அயோத்திதாசர் அவருடைய சகோதரியின் கணவர். அவரும் அம்மலைநாட்டில் வாழ்ந்தவர். பண்டிதர் 1891 டிசம்பரில் உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டித் தீர்மானங்கள் இயற்றினார். அதே 1891ஆம் ஆண்டில் சென்னையில் சீனிவாசனார் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். பின்னாளில் அவரோடு தோளோடு தோள் நின்ற அண்ணல் அம்பேத்கர் பிறந்ததும் அவ்வாண்டிலேதான் என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொள்வோம்.

சபையின் பெயரையும், 1893 அக்டோபரில் அவர் தொடங்கிய இதழின் பெயரையும் பற்றி அன்றும் வாதம் இருந்தது, இன்றும் இருக்கிறது. இதழுக்கு அவர் சூட்டிய பெயர் "பறையன்". அயோத்திதாசர் அப்பெயரை ஏற்றவரல்லர். அது பகைவர் இட்ட பெயர், நாம் பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என்பது பண்டிதரின் கொள்கை. எப்பெயரைச் சொல்லி இழிவு செய்கிறார்களோ அப்பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க இயலாது. அப்பெயரோடே நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும் என்பது சீனிவாசனாரின் கொள்கை. குலத்தை மறைத்துப் பள்ளியில் பயின்ற ஒருவர் இந்த முடிவுக்கு வந்தது எளிதில் நடந்ததாக இராது. மைத்துனர் இருவரும் இவ்வாறு எதிரெதிர் நின்றதைச் சிலர் குறையாகப் பேசுவர். நமக்கு இருவரும் வேண்டும்.

முதல் இதழ் நானூறு பிரதிகளும் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தனவாம். மூன்று மாதத்தில் திங்களிதழ் வார இதழாயிற்று. நம் மக்களில் எழுத்தறிந்தோர் மிகச் சிலராயிருந்த காலம் அது. 1896இல் இதழில் வெளிவந்த ஒரு கடிதம் பற்றி வழக்குத் தொடரப்பட்டு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தொகையை நம் மக்களே திரட்டிக் கட்டினர். நாள் கூலி அணாக் கணக்கில் இருந்த காலத்தில் நூறு ரூபாய் என்பது எவ்வளவு என்பதை இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வாண்டுகளில் அரசின் பார்வை நம் சேரிகளின்மேல் ஓரளவு விழத் தொடங்கியிருந்தது. செங்கற்பட்டில் ஆட்சியராயிருந்த திரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். அதன் பயனாக 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் வழக்காடிக்கொண்டிருப்பது அதனைத்தான். 1893இல் நம் பிள்ளைகளின் கல்விக்குச் சிறப்பு உதவிகள் வழங்கும் ஆணை வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றின் அருகே இலவசப் பள்ளியைத் திறந்தார். இவையெல்லாம் கேட்டதால் வந்தவை. கேட்டவர்களுள் "பறையன்" இதழும் ஒன்று.

அந்நாளைய நிகழ்ச்சி ஒன்றைச் சற்று விரித்துரைக்க வேண்டும். இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று காங்கிரசார் கேட்டு வந்தனர். 1893 ஜூனில் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் காமன்சு சபையும் அதற்கிசைந்து தீர்மானம் நிறைவேற்றியது. சீனிவாசனார் இதனை எதிர்த்தார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, எதிர்ப்பு விண்ணப்பம் ஒன்றை இயற்றிப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அதில் கையொப்பமிட்டோர் 3,412 பேர். விண்ணப்பத்தின் நீளம் 112 அடி.

ஒரு குடிசையின் முகப்புப் பத்தடி என்று வைத்துக்கொண்டால், பதினொரு குடிசைகளுக்கு முன்னால் விரித்துப் போடத்தக்க நீளமுடைய தாள் அது. அடி ஒன்றுக்கு முப்பது பெயர். இத்தனை பெயரைத் திரட்டுவதற்கு எத்தனை சேரிகளில் ஏறி இறங்கியிருக்க வேண்டும்! எத்தனை இரவுகள்! ஏனெனில் பகலில் நம் மக்கள் வீட்டில் இரார். கையொப்பமிட்டது நிலமுடையோர் காதுக்கு எட்டினால் மறுநாள் வேலை இல்லை. அவ்வாறிருந்தும் 3,412 பேர் இட்டனர்.

இதனைக் காட்டி, சீனிவாசனார் வெள்ளையர் பக்கம் நின்றவர், நாட்டு விடுதலைக்கு எதிரானவர் என்று எழுதியோர் உண்டு. அவர் எதிர்த்த காரணத்தை அன்னார் எடுத்துக் கூறுவதில்லை. கலாசாலையில் நானூறு பேரில் பத்துப் பேர்தான் பிறர் என்னும் கணக்கை நேரில் கண்டவர் அவர். அந்நிலையில் தேர்வை இங்கே நடத்தினால் வெல்வோர் எவர், அவர்கள் நீதிபதியாகவும் ஆட்சியராகவும் வந்தமர்ந்தால் சேரிக்காரன் எவரிடம் முறையிடுவான் என்பதே அவர் கேள்வி. அக்கேள்வி பிழையென்று நாம் எண்ணவில்லை. அரசு பிற காரணங்களையும் கருதி அன்று அத்திட்டத்தை ஏற்கவில்லை. இந்தியாவில் அத்தேர்வு முதன்முதல் நடந்தது 1922இல்.

ஏழாண்டுகள் இதழை நடத்திய பின், தாளில் எழுதி அனுப்புவது போதாது, நேரில் சென்று சொல்ல வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1900இல் புறப்பட்டார். அவரோடு "பறையன்" இதழும் நின்றது. கையிலிருந்த பொருளும் உடல்நிலையும் இலண்டன் வரை இடங்கொடுக்கவில்லை. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கிப் பிழைப்புக்கு வேலை தேடினார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டை அடைந்து, அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார்.

அந்நீதிமன்றத்துக்கு வந்தோர் எவர்? 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து "ட்ரூரோ" என்னும் கப்பல் முதற்கூட்டத்தை ஏற்றிச் சென்றது முதல் 1911 வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் தமிழர். வட ஆர்க்காட்டிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் போன நம் மக்களும் அவர்களுள் இருந்தனர். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தமாகாமலும் அங்கேயே தங்குவோர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்கும் சட்டமும் 1895இல் வந்திருந்தது. கூலி குறைத்ததையும் அடித்ததையும் தமிழில் சொல்லி அழுத தொழிலாளியின் சொற்களை ஆங்கிலமாக்கி நீதிபதியின் முன் வைப்பதே மொழிபெயர்ப்பாளரின் வேலை. இலண்டனில் சொல்ல எண்ணிய குறைகளைச் சொல்ல முடியாதவர், நேட்டாலில் பிறர் குறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். காந்தியடிகள் தமிழில் கையெழுத்திடக் கற்றது அக்காலத்தில் இவரிடமே என்று சொல்வர்.

சொந்த நாட்டில் இவர் பெயர் மறக்கப்பட்டு வந்தது. அயோத்திதாசர் 1907இல் "ஒரு பைசாத் தமிழன்" இதழைத் தொடங்கி, 1914இல் மறைந்தார். எம்.சி. இராஜா போன்ற இளையோர் தலையெடுத்தனர். மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தம் வந்தது. சென்னையில் நீதிக்கட்சியின் ஆட்சி வந்தது. நாட்டில் நிகழ்ந்த இவ்வளவு மாறுதலிலும் சீனிவாசனாருக்குப் பங்கில்லை. தொடங்கிய பயணம் பாதி வழியில் நின்றுபோன ஒருவர், கடலுக்கு அப்பால் ஏறத்தாழ இருபதாண்டுகள் பிறர் வழக்குகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். வரலாறு எழுதுவோர் இவ்விருபதாண்டுகளை ஒரே வரியில் கடந்து செல்வர். ஏனெனில் அதில் மாநாடு இல்லை, தீர்மானம் இல்லை. நாம் இங்கே சற்று நிற்கிறோம். நம் மக்களுள் பெரும்பாலோரின் வாழ்வு இத்தகைய ஆண்டுகளால் ஆனதே. வேலை செய்து, சோறு தின்று, ஊருக்குப் பணம் அனுப்பி, எண்ணியதை இன்னும் விட்டுவிடாமல் இருக்கும் ஆண்டுகள்.

1921இல் அவர் தாய்நாடு திரும்பியபோது வயது அறுபதைக் கடந்திருந்தது. அவர் கண்டது நல்ல காலமன்று. அவ்வாண்டில்தான் பின்னி ஆலை வேலை நிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டு நம் மக்களின் குடிசைகள் எரிந்தன. வயது முதிர்ந்துவிட்டது, இனி இளையோர் பார்த்துக்கொள்வர் என்று அவர் ஒதுங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். 1923இல் அவர் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பலருக்குப் பொதுவாழ்வு முடியும் வயதில் அவருடைய பெரும்பணி தொடங்கியது.

1924ஆம் ஆண்டு என்றால் நம் நாட்டார் அனைவரும் வைக்கத்தைச் சொல்வர். அவ்வாண்டு மார்ச்சு 30ஆம் நாள் திருவிதாங்கூரில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் தொடங்கியது. தந்தை பெரியார் அங்கே சென்று சிறைப்பட்டார். அப்போர் போற்றத்தக்கதே. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் சென்னைச் சட்டசபையில் சீனிவாசனார் கொண்டுவந்த தீர்மானத்தை நம்மவரிலும் பலர் அறியார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எவ்வகுப்பைச் சேர்ந்தவரும் நடப்பதற்குத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றை இந்துக்களில் பிற சாதியார் பயன்படுத்தும் அதே அளவில் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அரசு அதனை ஏற்று, 1924 செப்டம்பர் 25ஆம் நாள் 2660ஆம் எண் அரசாணையாக வெளியிட்டது. ஊர்தோறும் தண்டோராப் போட்டு அறிவிக்குமாறும் செய்யப்பட்டது.

சேரிகளில் ஊராரின் செய்தி சொல்லப் பறை முழக்கி வந்தவர் நம் மக்களே. "இத்தெருவில் எவரும் நடக்கலாம்" என்னும் செய்தியை, அத்தெருவில் நடக்கலாகாதென்று தடுக்கப்பட்டிருந்தவரே முழக்கிச் சொல்ல வேண்டிய நிலை எத்தனை ஊர்களில் நேர்ந்திருக்குமோ என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஆணை பிறந்த மறுநாளே தெருக்கள் திறந்துவிடவில்லை. அதனை மீறுவோர்க்குத் தண்டனை எதுவும் ஆணையில் இல்லை. எனவே 1926இல், கோவையைச் சேர்ந்த சட்டசபை உறுப்பினர் ஆர். வீரையன் அவர்கள் முயற்சியால் உள்ளாட்சிச் சட்டத்தில் திருத்தம் செய்யப்பட்டுத் தடுப்போருக்கு அபராதம் விதிக்க வழி ஏற்பட்டது. அப்போதும் முழுப்பயன் விளையவில்லை. வழக்கிட வேண்டியவன் கூலியாள். சாட்சி சொல்ல வேண்டியவன் அவனுக்குக் கூலி கொடுப்பவன். காலை நீட்டித் தெருவில் வைத்தால் வேலை நிற்கும், கடையில் உப்பும் மிளகாயும் கிடைக்கா. இதனைக் கட்டுப்பாடு என்றும் ஊர்விலக்கு என்றும் சொல்வர். சட்டத்தின் கை எட்டாத இடம் இது என்பதைச் சீனிவாசனார் நன்குணர்ந்திருந்தார். அவ்வுணர்வு இலண்டனில் பயன்பட்டது.

1930 நவம்பர் 12ஆம் நாள் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு தொடங்கியது. இந்தியாவெங்கும் உள்ள தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் இருவர் அழைக்கப்பட்டிருந்தனர். ஒருவர் மும்பை மாகாணத்து டாக்டர் அம்பேத்கர். அப்போது அவருக்கு வயது 39. மற்றவர் எழுபதை எட்டியிருந்த சீனிவாசனார். அரசரின் வரவேற்பில் அவர் தம் மார்பில் தாம் பறையன், தீண்டத்தகாதவன் என்று எழுதிய அட்டையை அணிந்து நின்றதாகவும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கைநீட்டியபோது தம்மைத் தொடலாகாதே என்று சொல்லி நிலைமையை விளக்கியதாகவும் செய்தி வழங்கி வருகிறது. கோயம்புத்தூரில் எவரும் தம் வீட்டைக் கண்டுகொள்ளலாகாதென்று விரைந்து நடந்த சிறுவனை இங்கே நினைவு கூர்கிறோம்.

இருவரும் கையொப்பமிட்டு அளித்த கோரிக்கைப் பத்திரமே அப்பயணத்தின் பெரும்பயன். வருங்கால அரசியல் சட்டத்தில் தாழ்த்தப்பட்டோருக்குச் சமமான குடியுரிமை, அவ்வுரிமையைத் தடையின்றித் துய்க்கும் பாதுகாப்பு, சட்டசபைகளிலும் அரசுப் பணிகளிலும் போதிய இடம் ஆகியவற்றை அது கேட்டது. ஊர்விலக்குச் செய்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டுமென்றும் கேட்டது. தெருவில் கால் வைத்ததற்காக உப்பும் மிளகாயும் மறுக்கப்பட்ட செய்தி இவ்வாறு உலகப் பேரவையை எட்டியது.

அதே 1930 டிசம்பரில், அதாவது மாநாடு நடந்துகொண்டிருந்த அந்நாட்களிலேயே, இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியார் கூடி நம் மக்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. ஆடவர் ஆடை முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் செல்லலாகாது. சட்டை, பனியன் கூடா. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது. மட்பாண்டமன்றி வேறு பாண்டம் புழங்கலாகாது. பெண்கள் மேலாடை அணியலாகாது, பூச்சூடலாகாது. வெயிலிலும் மழையிலும் குடை பிடிக்கலாகாது, செருப்பணியலாகாது. மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அவற்றுள் ஒன்று, நம் பிள்ளைகள் படிக்கலாகாது என்பது; மிராசுதாரின் மாடுகளை மேய்ப்பதே அவர்களுக்குரிய வேலை என்பது மற்றொன்று. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு அறிக்கையில் இவை வரிசையாகப் பதிவாகியுள்ளன.

ஒரு கல்விக் கழகத்தின் மலரில் இதனைப் படிப்போர், பதினொன்றில் படிப்புக்கு எதிரான தடை ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். எட்டாக இருந்தபோது அது இல்லை. ஆறே மாதத்தில் சேர்ந்தது. தடுக்க வேண்டிய அளவுக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டனர் என்பதைத் தவிர வேறென்ன பொருள் கொள்ளலாம்? குடிசைகள் எரிந்த அவ்வாறு மாத காலத்திலும், எந்தத் தாயோ தகப்பனோ பிள்ளையை மாட்டின் பின்னே விடாமல் பள்ளிக்கு அனுப்பியிருக்கின்றனர். அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. அவர்களுக்கு எதிராக இயற்றப்பட்ட தடையே அவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்று.

1931இல் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலும் சீனிவாசனார் கலந்துகொண்டார். 1932 ஆகஸ்டில் தனித்தொகுதிகள் வழங்கும் தீர்ப்பு வந்ததும், காந்தியடிகள் உண்ணா நோன்பிருந்ததும், செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையொப்பமானதும் யாவரும் அறிந்தவை. ஒப்பமிட்டோருள் சீனிவாசனாரும் எம்.சி. இராஜாவும் உண்டு. சென்னை மாகாணத்தில் பதினெட்டாக இருந்த இடங்கள் முப்பதாயின. தனி வாக்குரிமை போயிற்று. ஒப்பந்தத்தால் பெற்றது மிகுதியா, இழந்தது மிகுதியா என்பதில் நம் கழகத்தாரிடையேயும் இருவேறு கருத்துண்டு. அவ்வழக்கை இங்கே தீர்க்க முடியாது.

அவருடைய நம்பிக்கை எத்தகையது என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1935இல் டாக்டர் அம்பேத்கர், தாம் இந்துவாகச் சாவதில்லை என்று இயோலாவில் அறிவித்தபோது, சீனிவாசனார் அதற்கு இசையவில்லை. நாம் வருணத்துக்குப் புறம்பானவர்கள். இந்து சமயத்துக்குள் இல்லாதவர்கள் அதிலிருந்து வெளியேறுவது எவ்வாறு என்று கேட்டார். அம்பேத்கரின் வழியை மேற்கொண்டோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு இம்மறுமொழி நிறைவளிக்காமல் இருக்கலாம். ஆயினும் அவர் நம்பியது எதனை என்பது இதனால் விளங்கும். மறுமையில் கிடைக்கும் ஈடேற்றத்தை அவர் தம் மக்களுக்குச் சொல்லவில்லை. விண்ணப்பம் ஏற்கப்படாவிடின் மறுபடி எழுதினார். நூற்றுப்பன்னிரண்டு அடித் தாள் போதாதென்றால் கப்பலேறினார். கப்பல் சேராவிடின் திரும்பிவந்து சட்டசபையில் எழுந்து நின்றார். அவரிடம் நம்பிக்கை என்பது இவ்வேலைகளுக்கு மற்றொரு பெயராகவே இருந்தது.

1939இல் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டார். "ஜீவிய சரித்திர சுருக்கம்" என்பது நூலின் பெயர். பெயருக்கேற்ப மிகச் சிறிய நூல். இத்தனை நீண்ட வாழ்வை இவ்வளவு சுருக்கி எழுதிவிட்டாரே என்னும் குறை நமக்குண்டு. தென்னாப்பிரிக்காவில் கழிந்த ஆண்டுகளை அவர் விரித்து எழுதியிருந்தால், கூலிகளாகக் கப்பலேறிய நம் முன்னோரைப் பற்றி நாம் அறியவேண்டுவன எத்தனையோ கிடைத்திருக்கும்.

1945 செப்டம்பர் 18ஆம் நாள் அவர் மறைந்தார். நான்காண்டும் நான்கு திங்களும் கழிந்து, 1950 சனவரி 26ஆம் நாள் இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிப்பதை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை அவ்வளவாகப் படிப்பதில்லை. கிணறுகள், குளங்கள், நீராடும் துறைகள், சாலைகள், பொதுமக்கள் கூடுமிடங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எக்குடிமகனுக்கும் தடையிருத்தலாகாது என்கிறது அது. சென்னைச் சட்டசபையில் 1924 ஆகஸ்டு 22ஆம் நாள் ஒரு முதியவர் எழுந்து நின்று சொன்ன பட்டியலை எடுத்து இதனருகே வைத்துப் பார்க்க. சாலை, கிணறு, குளம், பொதுமக்கள் கூடுமிடம். நீராடும் துறை ஒன்றுதான் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.